மாப்பிள்ளைமார் நட்ட வம்மிக்கரை

என் பிரியத்துக்குரிய மாமா,

கபுறடியைக் கடந்து போகும்போது உள்ளே அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லாமல் போகக்கூடாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அந்த உரிமையில் சொல்கிறேன், அஸ்ஸலாமு அலைக்கும். போன வெள்ளிக்கிழமை உங்கள் தலைமாட்டில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தேன். பக்கத்துக் கபுறுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். சிரித்துச் சிரித்துச் சொல்லவேண்டிய கதையைக் கபுறடியில் நின்று சொன்னால் தையல்காரனுக்குப் பைத்தியம் என்று கல்முனைப் பசார் முழுக்கப் பரவிவிடும். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். யாரும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

முதலில் செய்தி. உங்கள் கடைசி மகள் ஜெசீமாவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. வீடும் முடிந்துவிட்டது. எங்கே என்றா கேட்கிறீர்கள்? நீங்கள் கையைக் காட்டிய அதே வளவில், ஆற்றைப் பார்த்தபடி. வென்றுவிட்டீர்கள் மாமா. மவுத்தாகி ஐந்து வருடத்துக்குப் பிறகு, எங்கள் எல்லாரையும் வாயடைக்க வைத்துவிட்டீர்கள். அதிலும் என்னை.

வம்மிக்கரையை இப்போது பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியுமோ என்னவோ. சவளக்கடைப் பாதையிலிருந்து நம் கிறவல் போட்ட ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பியதும் வெயில் பின்னால் நின்றுவிடுகிறது. ஆற்றோரம் முழுக்கப் பூவரசு. வளவுகளுக்குள் மாவும் பலாவும் கொய்யாவும். துறையடியில் அந்தப் பழைய வம்மி மரம் விழுந்த இடத்தில் அதன் அடிக்கட்டையே மறுபடி துளிர்த்து ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. பெண்கள் காலையில் முற்றம் கூட்டும்போது மரங்களைத் திட்டுகிறார்கள். ஒரு பக்கம் கூட்ட மறுபக்கம் சருகு விழுகிறதாம். திட்டட்டும். சருகே விழாத பசாரில் இருந்து வந்தவன் நான், எனக்கு அந்தத் திட்டு கேட்க ஆசையாக இருக்கிறது.

நான் வந்த கதை உங்களுக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பாமார் பாடுபட்டு வீடு கட்டி மகளுக்கு எழுதுவார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்கு வரவேண்டியவன். ஆகவே வம்மிக்கரையில் இருக்கிற ஆம்பிளைகளில் முக்கால்வாசிப் பேர் வேறு வேறு ஊர்களில் இருந்து வந்து சேர்ந்த மாப்பிள்ளைமார். சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, ஒலுவில் என்று எல்லா ஊரும் இந்த ஒரு தெருவில் இருக்கிறது. இந்தத் தெருவின் வழக்கத்தை உண்டாக்கியவர் நீங்கள். மாப்பிள்ளை ஊர்வலமாக வந்து பெண்வீட்டுப் படியை மிதிக்குமுன், ஆற்றங்கரையில் ஒரு பூவரசங் கதியால் நடவேண்டும். வேலிக்கு நடுகிற தடி, மண்ணில் குத்தினால் வேர் பிடித்து மரமாகிவிடும். தலைப்பாகையும் கோட்டும் போட்டவன் அலவாங்கால் குழி தோண்டவேண்டும்.

எழுபத்தேழில் என் முறை வந்தது. நான் என்ன நிலைமையில் வந்தேன் என்று உங்களுக்குத் தெரியாதா? பசாரில் என் கூட்டாளிமார் ஒரு மாதமாக என்னை முதலைக்குடி மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊர்களில் யாரைக் கண்டாலும் எந்தக் குடி, எந்தத் தாய்வழி என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு வம்மிக்கரை ஆட்களுக்குப் பசார் கொடுத்த பதில் அது. ஆற்றில் முதலை, தெருவில் பஸ் இல்லை, மாரியில் தண்ணீர் வந்து பாயோடு தூக்கிக்கொண்டு போகும் என்று என் உம்மா வரைக்கும் அழுதார். உங்கள் மூத்த மகள் நபீசாவின் முகத்தை ஒருதரம் கண்டிருந்தேன், அதனால் மட்டும்தான் வந்தேன். அந்த எரிச்சலில் இருந்தவன் கையில் அலவாங்கைக் கொடுத்தீர்கள்.

கதியாலின் ஒரு நுனியில் சாணி பூசியிருந்தது. மேல் நுனி வெயிலுக்குக் காய்ந்து போகாமல் இருக்கப் பூசுவது. தையல்காரனுக்கு இது எங்கே தெரியும்? சாணி என்றால் எரு, எரு என்றால் மண்ணுக்குள் என்று கணக்குப் போட்டு, சாணி பூசிய பக்கத்தைக் குழிக்குள் விட்டு, மண்ணை நன்றாக மிதித்து இறுக்கினேன். கோட்டில் மண் படாமல் செய்தேன் என்று பெருமை வேறு. பைத் பாட்டுப் படித்துக்கொண்டு வந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். பெண்டுகள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். நீங்கள் ஒருதரம் திரும்பிப் பார்த்தீர்கள், தெரு அமைதியாகிவிட்டது. என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனீர்கள்.

தலைகீழாக நட்டிருக்கிறேன் என்று மூன்றாம் நாள் நபீசா சொல்லித்தான் எனக்கு விளங்கியது. நான் வெட்கத்தில் அதைப் பிடுங்கி எறியப் போனேன். நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள்.

"மாப்பிள்ள நட்டது நட்டதுதான் மருமகன். அது பாத்துக்கும்."

அது எப்படியோ பார்த்துக்கொண்டது. பக்கவாட்டில் ஒரு முளை விட்டது. மற்ற மரங்கள் நிமிர்ந்து போக, இது கூனிக்கொண்டு ஆற்றுப் பக்கம் சாய்ந்து வளர்ந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டு மரத்தைப் பார்ப்பார்கள், மரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

அடுத்த வருடம் சூறாவளி. அதைப் பற்றி உங்களுக்கு எழுத என்ன இருக்கிறது? விடிந்தபோது வம்மிக்கரையில் நிழல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை, கூனிக் கிடந்த என் கதியால் மட்டும் காற்றுக்குத் தப்பி நின்றது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தடையில்லாமல் கல்முனைப் பள்ளிவாசல் தெரிந்தது. ஏழு குடும்பம் பெட்டி கட்டியது. நானும் நபீசாவிடம் போவோம் என்று சொன்னேன், அது உங்கள் காதுக்கு வந்ததும் எனக்குத் தெரியும். நீங்கள் மரம் அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு போய், விழுந்து கிடந்த பூவரசுகளின் கொப்புகளைக் கதியாலாக அறுக்கத் தொடங்கினீர்கள். சூறாவளி இவ்வளவு விதைதடி கொண்டுவந்து தந்திருக்கிறது, வேண்டாம் என்று யார் சொல்வது என்று கேட்டீர்கள். ஒரு கிழமையில் போகிறவர்களைத் தவிர மிச்சத் தெரு முழுக்க ஆற்றங்கரையில் நின்றது. என் கைக்குக் கதியால் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர், சாணி மேலே என்று சொன்னார்கள். அந்தத் துக்கத்திலும் ஆட்கள் சிரித்தார்கள் மாமா. இப்போது நாங்கள் நடக்கிற நிழல் அந்தக் கிழமையில் நட்டது.

நீங்கள் வட்டைவிதானை. வயலுக்குத் தண்ணீர் பங்கிட்ட மனிதர், எந்த வாய்க்காலில் எப்போது எத்தனை விரல் தண்ணீர் ஓடும் என்று கண்ணாலேயே சொல்வீர்கள். ஆற்றங்கரையில் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கோபமாகவே கேட்டேன்.

"கரதான் மருமகன் மேடு. ஆறு வருசா வருசம் வண்டலக் கொண்டந்து கரையிலதான் போடுது. தண்ணிக்கிப் பயந்து ஓடுறவன் பள்ளத்துக்குத்தான் ஓடுவான்."

நான் உள்ளுக்குள் சிரித்தேன். அங்குலம் பார்த்துத் துணி வெட்டுகிறவனுக்கு ஆற்றங்கரை மேடு, ஊர் பள்ளம் என்று சொன்னால் நம்புவானா?

பிறகு நீங்கள் படுத்தீர்கள். கடைசிக் கிழமையில் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, ஜெசீமாவின் வீட்டை அந்த மூலை வளவில்தான் கட்டவேண்டும் என்றீர்கள். உங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, மூத்த மருமகன் நான்தான் கட்டவேண்டும். ஓம் மாமா என்றேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம். அந்த ஓமை நான் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது உங்கள் மகள்.

ஜெசீமாவுக்கு றபீக் என்று ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. கணக்குப் படிப்பிக்கிற ஆசிரியர், நல்ல குணம். அவருடைய உம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது, இடத்தைப் பிடிக்கவில்லை. முதலைக்குடிக்கு மகனை அனுப்பமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஊருக்குள் வளவு எடுத்து வீடு கட்டினால் நாளைக்கே கல்யாணம் என்றார். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நீங்கள் காட்டிய வளவை ஊர் வளவொன்றுக்கு மாற்றிக்கொள்ள ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டேன். வந்தவர் அளக்க நின்றபோது ஜெசீமா வீட்டுக்குள்ளிருந்து வந்து கயிற்றின் மறு நுனியைக் கையில் எடுத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"வாப்பா முப்பது வருசம் தண்ணி பாத்த மனிசன் மச்சான். நீங்க எத்தின வருசம் பாத்தீங்க?"

வந்தவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அன்று இரண்டு நேரம் சாப்பிடவில்லை. யார் கேட்டார்கள்? உங்கள் மூத்த மகள் சோற்றை மூடி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

மேசனைப் பிடித்து அந்த வளவில் சுவர் எழுப்பினேன். எழுப்பினேன் என்று சொல்வது நான், மேற்பார்வை ஜெசீமா. ஓடு போட்டு முடிந்த நேரம் மாப்பிள்ளையின் உம்மா வந்து பார்த்தார். இந்தப் பெண்தான் வேண்டும் என்று மகன் அசைய மறுத்துவிட்டான் என்று தெரிந்தது. அவர் ஆற்றைப் பார்த்தார், வீட்டு வாசலின் மூன்று படியைப் பார்த்தார். கடைசியில் ஒரு நிபந்தனை சொன்னார்.

"இந்த மாரி போகட்டும். ஆத்துத் தண்ணி படியத் தொடல்லெண்டா வாறம். தொட்டிச்செண்டா எங்கள விட்டுடுங்க."

ஜெசீமா ஓம் என்றுவிட்டாள். என்னைக் கேட்கவேயில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஓர் ஆற்றின் கையில் கொடுத்துவிட்டார்களே என்று நபீசாவிடம் போய்ப் புலம்பினேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? நீங்கள் வாய்க்காலில் குத்துகிற மாதிரி ஆற்றோரம் ஒரு தடியைக் குத்தி, விரல் விரலாகக் கோடு போட்டாள்.

மார்கழி மழை தொடங்கியது. சும்மா மழையில்லை மாமா, ஒரு கிழமைக்கு மேல் சூரியனைக் காணவில்லை. தடியில் கோடு கோடாகத் தண்ணீர் ஏறியது. பாதையின் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் என்றார்கள். ஒன்பதாம் நாள் காலையில் என் தைரியம் முடிந்தது. நபீசாவைக் கூப்பிட்டேன், வரவில்லை. ஜெசீமாவைக் கூப்பிட்டேன், அவள் திரும்பியும் பார்க்கவில்லை. முதலில் தையல் மெசினையாவது என் உம்மா வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன். ஓம், ஓடினேன். உங்களிடம் என்ன மறைப்பு.

பாதை பள்ளத்துக்கு இறங்குகிற இடத்தில் சைக்கிளை நிறுத்தவேண்டி வந்தது. முன்னால் ஆறு மாதிரித் தண்ணீர். ஆனால் ஆறு எனக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? அப்போதுதான் எதிரே தோணி ஒன்று வருவதைக் கண்டேன். ஞானமுத்து அண்ணன் கம்பை ஊன்றித் தாங்கிக்கொண்டு வந்தார், அக்கரையில் மீன் பிடிக்கிறவர், மெதடிஸ்த ஆள், உங்கள் கூட்டாளி. நாட்டு நடப்பை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் போன பிறகு தமிழரும் முஸ்லிமும் ஒருத்தரையொருத்தர் பார்க்கிற பார்வை கெட்டுப்போன காலம் இது. அந்தக் காலத்தில் அந்த மனிதர் யாரும் கேட்காமலே ஊர்ப்பக்கம் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முதல் இரண்டு நடையும் அக்கரைக்கு, அது மூன்றாவது நடை.

தோணியில் யார் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? றபீக், அவருடைய இரண்டு தங்கைமார், நடுவில் ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் உம்மா. ஊரின் மேற்கில் வயலை நிரப்பிக் கட்டிய வீடு அவர்களுடையது. வாய்க்காலையும் சேர்த்து நிரப்பிவிட்டார்கள், மழைத்தண்ணீருக்குப் போக வழியில்லை. அடுக்களைக்குள் தண்ணீர், கட்டிலுக்குக் கீழே தண்ணீர். மேடு தேடி வந்துகொண்டிருந்தார்கள். மேடு என்று ஞானமுத்து அண்ணன் கூட்டிவந்தது வம்மிக்கரைக்கு.

அவர்கள் ஆற்றுக்கு ஓடி வர, நான் ஆற்றை விட்டு ஓடிக்கொண்டிருந்தேன். தோணி என் முன்னால் வந்து தட்டி நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், கரியரைப் பார்த்தார்.

"மெசினோட எங்க மகன் போறீங்க?"

"உங்களக் கூட்டிப்போகத்தான் வந்தன்."

எப்படி வந்தது அந்தப் பொய் என்று எனக்கே தெரியாது. ஞானமுத்து அண்ணன் மெசினைப் பார்த்துவிட்டு இருமினார், வேறொன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. மழைக்குள் சம்பந்தக்காரரைத் தேடிவந்த மருமகன் என்று இப்போதும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மை உங்களுக்கும் எனக்கும் இருமிய மனிதருக்கும்தான் தெரியும். சரி, இனிமேல் எல்லாருக்கும் தெரியும்.

என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, பள்ளத்துத் தண்ணீர் ஆற்றில் கலக்கிற வழியாகத் தோணி நம் ஒழுங்கைக் கரைக்கு வந்தது. தண்ணீர் வேகமாக ஓடியது, தோணியைக் கரையில் சேர்க்க ஒரு பிடி வேண்டும். நிமிர்ந்த மரமெல்லாம் கரைக்கு உள்ளே நிற்கிறது. ஆற்றை நோக்கிக் கூனிக்கொண்டு, கைக்கு எட்டுகிற உயரத்தில் நின்றது ஒரே ஒரு மரம். ஞானமுத்து அண்ணன் கயிற்றை அதில் எறிந்து கட்டினார். அந்த அம்மா அதன் கொப்பைப் பிடித்துக்கொண்டுதான் கரையில் கால் வைத்தார். பிறகு வந்த தோணிகளும் அதில்தான் கட்டின. எத்தனை வீட்டு ஆட்கள் இறங்கினார்கள் தெரியுமா? என்னை முதலைக்குடி மாப்பிள்ளை என்று பட்டம் தெளித்த கூட்டாளியும் பிள்ளைகளோடு இறங்கினான். நீங்கள் பிடுங்க விடாத கதியால் மாமா. நான் அதைத் தடவிக்கொண்டு நின்று அழுதேன், மழையில் யாருக்கும் தெரியவில்லை.

பெண்டுகள் எல்லாரும் ஜெசீமாவின் சுவர் பூசாத வீட்டில், ஆம்பிளைகள் நம் வீட்டில். ஆறு நாள் ஒரே அடுப்பில் சோறு. மாப்பிள்ளையின் உம்மா தினம் விடியலில் சுபஹு தொழுததும் வெளியே வந்து படியைப் பார்ப்பார். தண்ணீர் பூவரசுகளின் வேர் வரைக்கும் வந்தது. வேர்கள் மண்ணைக் கையால் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றன. அதற்கு மேல் ஒரு விரல் ஏறவில்லை. ஆறாம் நாள் தடியில் இரண்டு கோடு இறங்கியிருந்தது. அவர் அந்தக் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து பாக்கு வெட்டினார். ஜெசீமாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

"எண்ட ஊட்டில முழங்கால் தண்ணி. இஞ்ச படி காஞ்சி கிடக்கு. இனி நான் என்னத்தக் கதைக்கிற? நாளக் குறிங்க."

ஜெசீமா எழுந்து போனாள். அடுக்களைக்குள் போய் நபீசாவின் தோளில் முகத்தை வைத்துத் தேம்பினாளாம். மாரி முழுக்கப் பாறாங்கல் மாதிரி நின்றவள். உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள். பயத்தோடேதான் உங்களை நம்பியிருக்கிறாள்.

கல்யாணம் போன மாதம். மாப்பிள்ளை ஊர்வலம் பெரிய பாதையிலிருந்து நிழலோடு நிழலாக நடந்து வந்தது. பசார் ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார்கள். சூறாவளியோடு போன ஏழு குடும்பத்தில் நான்கு திரும்பி வந்து வளவு கேட்டுக்கொண்டு நிற்கிறது. பூவரசு முழுக்க மஞ்சள் பூ. நீங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் நான் நின்றேன், அலவாங்கோடும் கதியாலோடும்.

றபீக் கதியாலை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்கு ஆசிரியர் அல்லவா, சந்தேகம். எந்தப் பக்கம் மச்சான் என்று என் காதுக்குள் கேட்டார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு நீங்கள் ஞாபகம் வந்தீர்கள், வாயைத் திறக்கவில்லை. வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து மணப்பெண்ணின் குரல் வந்தது.

"சாணி மேல. அத எங்கட பெரிய மச்சானுக்கிட்டக் கேட்டுடாதீங்க."

மாமா, அந்தச் சிரிப்பு உங்களுக்குக் கேட்டிருக்கும். கபுறடி அப்படி எவ்வளவு தூரம்? நானும்தான் சிரித்தேன், வயிறு நோகச் சிரித்தேன். றபீக்கின் உம்மா தனக்கும் ஒரு கதியால் வேண்டும் என்று வாங்கி, மகனுடையதற்குப் பக்கத்தில் நட்டார். மாப்பிள்ளைமார் மட்டும்தான் நடுவது என்று யாரோ சொல்லப் பார்த்தார்கள். ஆறு நாள் இந்தக் கரைச் சோறு தின்றவள் நான் என்று அவர் சொல்லிவிட்டார். நீங்கள் இருந்தால் விட்டிருப்பீர்கள், நானும் விட்டேன்.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளுக்கும் ஒருநாள் மாப்பிள்ளை வருவான், எந்த ஊரிலிருந்தோ, எரிச்சலோடோ, கோட்டில் மண் பட்டுவிடும் என்ற பயத்தோடோ. அவள் வீடும் இந்தக் கரையில்தான் மாமா. இந்த ஓம் முந்திய ஓம் மாதிரி இல்லை. அவன் கையில் அலவாங்கைக் கொடுப்பேன், எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன். தலைகீழாக நட்டாலும் பிடுங்கமாட்டேன், அவன் வெட்கப்பட்டுப் பிடுங்க வந்தால் குறுக்கே நிற்பேன்.

இப்படிக்கு,
நீங்கள் பிடுங்கி எறியாத
உங்கள் மூத்த மருமகன்,
வம்மிக்கரை